எங்கள் கிணற்றுத் தண்ணீரும் துவரம் பருப்பும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகும் என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. மூன்று வருஷம் நானும் அதை நம்பினேன். ஆதாரம் தினமும் அப்பாவின் தட்டில் இருந்தது.

பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். ஒரு வீட்டுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீரை வாயில் வைத்தால் முகம் கோணும். எங்களுடையது முகம் கோணுகிற ரகம். அதை மாடு குடிக்கும், கத்தரிச்செடி குடிக்கும். அதில் சோறு வேகும், கீரை வேகும். துவரம் பருப்பு மட்டும் எவ்வளவு விறகு எரித்தாலும் கூழாங்கல்லாக நிற்கும். அதனால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் சொந்தக் கிணற்றில் இறைத்துக்கொண்டு, பருப்புக்கு மட்டும் ஒரு குடம் நல்ல கிணற்றிலிருந்து கொண்டுவருவார்கள். "பருப்புத் தண்ணி எடுத்துக்கறேன்" என்று வாசலில் ஒரு குரல் கொடுத்தால் போதும்.

நல்ல கிணறு பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுடையது. அப்பாவுக்குப் பங்காளி, முறையில் அண்ணன். அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மேரியில், அதாவது கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா. பெரியப்பாவோ இந்தியாவோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர். கொடி மாறிய அன்று அவர் தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டே வந்து எங்கள் வாசலிலும் நின்றார்.

"வாங்கிக்கடா. இனிமே நீயும் இந்தியாதான்."

"எனக்கு வேலை இருக்குமா போவுமான்னு தெரியல. இவரு பொங்கல் தூக்கினு வந்துட்டாரு."

"வேலை எங்கடா போவுது? மேசை அதே மேசைதான். சுவத்துல மாட்டியிருக்கிற படத்ததான் மாத்துவாங்க."

பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்பதை இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். முடிவு மட்டும் ஒன்றுதான். அப்பா தெருவுக்கே கேட்கும்படி, "இனிமே உன் கிணத்துத் தண்ணி என் வூட்டு அடுப்புல ஏறாது" என்றார்.

"ஏறாட்டி போ. உன் கிணத்துத் தண்ணில பருப்பு வெந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துடறேன்" என்றார் பெரியப்பா.

அப்பாவுக்கு வேலை போகவில்லை. மேசையும் அதே மேசைதான். ஆனால் சபதம் போட்டாகிவிட்டது. அந்த வாரமே ஆள் வைத்துக் கிணற்றைத் தூர் வாரினார். சுத்தமாகட்டும் என்று இரண்டு கூடை சுண்ணாம்பும் கொட்டினார். அடுத்த வாரம் பருப்பு வெந்தது. அம்மா கடைந்து போட்டது தட்டில் வெண்ணெய் மாதிரி வழிந்தது. அப்பா சாப்பிடுகிற இடத்தை வேலிப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டார். "பருப்பு இன்னாமா வெந்திருக்குது!" என்று தினமும் ஒரு தரம் வேலியைப் பார்த்துச் சொல்வார். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமுவார். மீசை அப்படியே இருந்தது. கண்ணால் பார்த்தால்தான் எடுப்பேன் என்று அவர் சொல்லிவிட்டதாகக் கேள்வி. பார்ப்பதற்கு எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. விஞ்ஞானப் புத்தகத்தில் கடின நீர் என்று ஒரு பாடம். அந்த நீரில் சோப்பு நுரைக்காது என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சோப்பு நுரைத்ததே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "கொடி மாறனதுலேர்ந்து சோப்பே சரியில்ல" என்றார். பருப்பைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் எனக்கு டவுனில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் இருந்தால் மாட்டுக்குத் தவிடு கலக்கலாம், அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டலாம். இரண்டையும் நான் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். மிச்சப் பகல் அப்படியே கிடக்கும். படிவத்தைப் பூர்த்தி செய்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"டவுன்ல எங்க தங்குவ?"

"டீச்சர் வூட்ல."

டீச்சர் எனக்கு விஞ்ஞானம் நடத்தியவர். அதற்குள் டவுன் பள்ளிக்கு மாற்றலாகியிருந்தார். தனியாக இருந்தார்.

"அவங்க சரின்னா எனக்கும் சரி. அவங்க முடியாதுன்னா இந்தப் பேச்சே வேணாம்."

அன்றைக்கே டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். கடைந்த பருப்பு, முருங்கைக்காய் சாம்பார், பருப்பு ரசம் எல்லாம் நன்றாகச் செய்வேன் என்று. உண்மையில் அம்மா எனக்குக் கொடுத்திருந்த பொறுப்பு, வெந்த பருப்பில் மத்து பிடிப்பது மட்டும்.

பதில் அட்டை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. "நான் காலை ஏழு மணிக்கே பள்ளிக்குக் கிளம்புகிறவள். சமைக்கத் தெரிந்த பெண் கூட இருந்தால் எனக்கும் உதவி. தெரியாத பெண்ணுக்குச் சேர்த்து நான் சமைக்க முடியாது. நான் சைவம் என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன். நீ சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறேன்."

அம்மா முந்தின நாள்தான் திருக்கனூருக்குப் போயிருந்தாள். சித்திக்குப் பிரசவம். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகக் கருவாட்டுப் பானையை மாட்டுக் கொட்டகைக்குக் குடிமாற்றினேன். பிறகு பருப்பு. வீட்டில் இருந்தது முழுவதையும் போட்டேன். கொஞ்சமாகப் போட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களே. எங்கள் கிணற்றுத் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய். எட்டு மணிக்குக் கொதி வந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். விரல்தான் வலித்தது. சவுக்கு மிளாறு இன்னும் ஒரு கட்டு வைத்தேன். ஒன்பதரைக்குக் கரண்டியால் கிளறியபோது மணல் அள்ளுகிற சத்தம் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, காலையிலேர்ந்து ஒரே பொகை? பொணமா எரிக்கிற?"

"பருப்பு பெரியம்மா."

"எந்தத் தண்ணில?"

"எங்க தண்ணிலதான்."

பெரியம்மா என் சட்டியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே வேலியில் இரண்டு குச்சிகளை நகர்த்தினாள். அவை கதவு மாதிரி நகர்ந்தன. கீழே புல் இல்லாமல் ஒரு தடம், ஒரு ஆள் போகிற அகலத்துக்கு.

"மூணு வருசமா உங்கம்மா இப்பிடிதான் வந்து எடுத்துனு போறா. உங்கப்பனுக்கு நீ பேப்பர் படிப்பியே, அந்த நேரத்துல. உன்கிட்ட சொல்லலியா?"

மூன்று வருஷம் தினமும் காலையில் உலகச் செய்திகளை நான் உரக்கப் படித்தது இதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தெருத்தெருவா தமுக்கு அடிக்க மாட்டாரு? மீச போயிடுமோன்னு அவரு பாட்டுக்கு இருமிகினு கெடக்கறாரு. கெடக்கட்டும்."

பெரியம்மாவே ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாள். சட்டியை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கொதிக்கவைத்தேன். பத்தே கால் ஆயிற்று. பருப்பு மனம் மாறவில்லை. பெரியம்மா வந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்பினாள்.

"இது இனிமே வேகாதுடி. இறுகிப்போச்சு. கோழிக்குப் போட்டுட்டு வேற ஒல வையி."

வேறு பருப்பு இல்லை. கடைக்கு ஓடிப்போய் வந்தாலும் வேகிற நேரம் இல்லை. பஸ் வர முக்கால் மணிதான் இருந்தது. பருப்பு வேகாது, சரி. அரைபடாதா? சட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மிக்கு ஓடினேன். மிளகாய், பெருங்காயம், உப்பு வைத்து அத்தனை பருப்பையும் கொரகொரவென்று அரைத்தேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. பாதியை எண்ணெயில் போட்டு உதிர உதிரக் கிளறி, வெந்த கொத்தவரங்காயோடு பிரட்டினேன். அது உசிலி. மீதியில் அரிசி மாவு சேர்த்துப் பிடித்து, கொதிக்கிற புளிக்குழம்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அது உருண்டைக் குழம்பு. மூன்று உருண்டை கரைந்து போயிற்று. மற்றவை நின்றன. பருப்பு வடித்த தண்ணீர் இருந்தது. அதில் ரசம்.

பதினொன்றேகாலுக்கு டீச்சர் குடையோடு வந்தார். நான் தடுப்பதற்குள் அப்பா போய்க் கிணற்றில் இறைத்து, பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். டீச்சர் ஒரு வாய் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"கிணத்துத் தண்ணிங்களா?"

"நம்ம கிணறுதான் டீச்சர். தூர் வாரி, சுண்ணாம்பு போட்டு வச்சிருக்கிறேன்."

"தெரியுது" என்றார் டீச்சர்.

டீச்சருக்கும் அப்பாவுக்கும் இலை போட்டேன், அதே வேலிப் பக்கத்துத் தாழ்வாரத்தில். டீச்சர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். உசிலியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். உருண்டையை உடைத்துப் பார்த்து, முகர்ந்து, பிறகு வாயில் போட்டார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். ரசத்துக்குச் சோறு போடும்போது டீச்சர் நிமிர்ந்தார்.

"கடிதத்துல கடைஞ்ச பருப்புன்னு முதல்ல எழுதியிருந்தியே. அதைக் காணோமே?"

அப்பாவும் அப்போதுதான் கவனித்தார். "ஆமா, பருப்பு எங்க? தினம் வெண்ணெ மாதிரி இருக்குமே டீச்சர்!"

சொல்ல எனக்கு இரண்டு வழி இருந்தது. தண்ணீரில் வேகவில்லை என்றால் அப்பாவின் சபதம் போகும், பின்னாலேயே அம்மாவின் மூன்று வருஷமும் வெளியே வரும். எனக்கு வேகவைக்கத் தெரியவில்லை என்றால் பயிற்சி போகும். நான் ரசக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் உருண்டையில் ஒரு துண்டை விரலால் பிரித்து அப்பாவின் பக்கம் காட்டினார்.

"இது ஊறவச்சு அரைச்ச பருப்பு இல்லீங்க. அடுப்புல ரொம்ப நேரம் கொதிச்சு, வேகாம, அப்புறம் அரைச்சது. வேகாததுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, பொண்ணுக்குச் சமைக்கத் தெரியல. இல்லன்னா தண்ணி சரியில்ல. தெரியலன்னா நான் கூட்டிட்டுப் போறதுக்கில்ல. நீங்க இந்தத் தண்ணியக் குடிக்கறவரு. நீங்களே சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றது.

அப்பா கிணற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இலையில் இருந்த உருண்டையைப் பார்த்தார். பிறப்பு இறப்புப் புத்தகத்தில் பெயரை எழுதுவதற்கு முன்னால் அப்படித்தான் ஒரு தடவை யோசிப்பார். பிறகு எனக்கே கேட்காத குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கலீங்க" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்கிற அதே குரலில். "கொஞ்சம் பலமா."

"எங்க கிணத்துத் தண்ணில பருப்பு வேகாது டீச்சர்!"

அந்தச் சத்தத்தில் காக்கை பறந்தது. வேலிக்கு அப்பால் பெரியப்பாவின் குரல்: "ஏய், அவன் சொன்னத கேட்டியாடி?"

"எனக்குக் காது கேக்குது. சோத்த சாப்பிடுங்க" என்றாள் பெரியம்மா.

டீச்சர் ரசத்தை முடித்துவிட்டுக் கை கழுவினார். "வேகாத பருப்ப வச்சு மூணு தினுசு செஞ்சிருக்கா. திங்கக்கிழமை பெட்டியோட அனுப்பி வையுங்க" என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸுக்குப் போனார்.

அப்பா இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. "அப்பிடின்னா மூணு வருசமா நான் சாப்பிட்டது இன்னா?" என்றார்.

"பருப்புதான்பா."

அவர் மேலே கேட்கவில்லை. உசிலி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். சித்திக்குப் பெண் குழந்தை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் டவுனுக்குப் போவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவரே வாயால சொன்னாரா?"

"ரெண்டு தரம். ரெண்டாந்தரம் நல்லா சத்தமா."

அம்மா சமையலறைக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டாள். பின்பக்கம் போகிறாள் என்று நினைத்தேன். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைத் தாண்டி, வாசல் வழியாக இறங்கி, தெருவில் நடந்து பெரியப்பா வீட்டு வாசலில் நின்று, "பருப்புத் தண்ணி எடுத்துக்கறேன்" என்று குரல் கொடுத்தாள். அப்பா பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். நான் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தேன்.