விக்டோரியாவின் சீட்டில் உப்பு மூட்டை

என் பக்கத்து வீட்டு பாஸ்கல் கார் வாங்கியபோது திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கே கொஞ்சம் மிதப்பு வந்தது. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். இஞ்சினியர்களும் காண்டிராக்டர்களும் வாடகை வண்டி தேடி அலைந்தார்கள். பாஸ்கல் தோணியில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு ஒரு பழைய பியட்டை வாங்கினான். கொழும்புக்குத் தோணி ஓட்டிய ஆள், காரையும் தோணியாகவே நினைத்தான். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பாஸ்கலுக்கு நல்ல கனத்த உடம்பு. ஸ்டியரிங் முன்னால் அவன் உட்கார்ந்தால் வண்டி வலப்பக்கம் சாயும். வேறு யாராவது என்றால் மெக்கானிக்கிடம் காட்டியிருப்பார்கள். இவன் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து, இடது முன் சீட்டின் காலடியில் வைத்துக் கட்டினான். வண்டி நிமிர்ந்தது. தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் மறு பக்கம் பாரம் ஏற்றுவதுதானே வழக்கம்? தெருவில் முக்கால்வாசிப் பேர் தோணிக்காரர்கள். எல்லாரும் வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருத்தர் மட்டும் மூட்டையை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளச் சொன்னார்.

வயிறெரிந்தது அவன் மனைவி விக்டோரியா ஒருத்திக்குத்தான். கார் வாங்கிய அன்றே, முன் சீட்டில் உட்காரவைத்துப் பெரியதாழைக்கு, அவள் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதாக பாஸ்கல் சொல்லியிருந்தான். வாடகை வந்தது, வாடகை போனது. அவள் இடத்தில் உப்பு ஜம்மென்று ஊர் சுற்றியது. வண்டியைக் கழுவும்போது மட்டும் அந்தக் கதவைத் திறக்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைத்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியபின், அவள் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள் என்று சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை.

"இந்தத் தடவையும் பஸ்ஸுலதான் போகணும்னா, போயிட்டுத் திரும்பி வரமாட்டேன். நீங்க உப்பு மூட்டையோடயே குடும்பம் நடத்துங்க," என்று விக்டோரியா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். பாஸ்கலுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் பார்த்து, வண்டியின் முன்பக்கம் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சாத்தான்குளத்துக்காரன் அய்யாக்குட்டி வந்து அடியில் படுத்துப் பார்த்தான். வெளியே வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினான்.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள உப்பளம் எதுவும் வச்சிருக்கீகளா?"

கடற்காற்றில் உப்பு வேர்க்கும். அந்தத் தண்ணீர் தரைத்தகடு வழியாகக் கசிந்திருக்கிறது. பாஸ்கல் எப்போதும் கடலைப் பார்த்துச் சரிவில்தான் வண்டியை நிறுத்துவான். கசிந்ததெல்லாம் முன்னால் ஓடி, கிராஸ்மெம்பரின் இடது மூலையைத் தின்றுவிட்டது. முன் சக்கரம் இரண்டையும் எஞ்சினையும் தாங்குகிற குறுக்கு இரும்பு அது. கழற்றி, ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்து, மறுபடி மாட்டியாக வேண்டும்.

பாஸ்கல் முகம் செத்துப்போனது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தோணிக் கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து, பூவரச மரத்தில் கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டான். அய்யாக்குட்டி அந்த முடிச்சை நம்பாமல் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இரும்பைக் கழற்றினான்.

சனிக்கிழமை காலையில் கறுப்புப் பெயிண்டோடு இரும்பு திரும்பி வந்தது. ஜாக்கியில் வைத்து ஏற்றினார்கள். ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை. பாஸ்கல் கயிற்றை இம்மி இம்மியாக இளக்கிக் கொடுக்க, அய்யாக்குட்டி கடப்பாரையால் நெம்ப, முதல் போல்ட் உள்ளே போனது. உடனே பாஸ்கல் ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

"முறுக்காதீக அண்ணாச்சி. எல்லா போல்ட்டும் உள்ள போவட்டும். இப்பவே ஒண்ண இறுக்குனா மத்தது ஏறாது."

வலது ஸ்பிரிங் தளர்ந்ததால்தான் வண்டி சாய்ந்தது என்று அய்யாக்குட்டி சொல்லி, அதற்கும் ஒரு தடிப்பு வளையம் வைத்துக்கொடுத்தான். சாயங்காலம் சக்கரங்களை மாட்டிப் பலகைகள் மேல் வண்டியை இறக்கினார்கள். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகள் மட்டும் பாக்கி.

"இத ஆள் இருக்கும்போதுதான் இறுக்கணும். வெறும் வண்டியில இறுக்குனா, ஆள் ஏறுனதும் ரப்பரு முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிரும். நீங்க உங்க சீட்டுல ஏறுங்க. அந்தப் பக்கமும் ஒரு பாரம் வேணும்," என்றான் அய்யாக்குட்டி.

பாரம் என்று காதில் விழுந்ததும் பாஸ்கல் நேரே வீட்டுக்குள் போய் உப்பு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்குள் விக்டோரியா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அத எங்க கொண்டு போறீக?"

"அய்யாக்குட்டி பாரம் கேக்கான், ஏளா."

"கீழ வையுங்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இடது கதவைத் திறந்து ஏறி, மூட்டை இருந்த இடத்தில் கால்களை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். பாஸ்கல் மூட்டையைப் போட்டுவிட்டு, மறு பக்கம் வந்து ஏறிக்கொண்டான். அய்யாக்குட்டி அடியில் படுத்து ஸ்பேனரைப் போட்டான்.

"மைனி, அசையாம இருங்க."

"நான் எங்கயும் போவலப்பா," என்றாள்.

வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் பெரியதாழைக்குப் பாதி வழி போய்விட்டவள் மாதிரி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வேலை முடிந்து இறங்கலாம் என்று சொன்ன பிறகும் அவள் இறங்கவில்லை. காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மறுநாள் விடியுமுன் இருவரும் புறப்பட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். அந்த மூட்டை உப்பை, திரும்பி வந்தபின் விக்டோரியா கருவாட்டுக்குப் போட்டுத் தீர்த்தாள்.

அதற்கப்புறம் எந்தத் துரை வந்து கேட்டாலும் பாஸ்கல் முன் சீட்டைக் கொடுத்ததில்லை.

"அங்கன உக்காராதீக சார். அது எங்க வீட்டுக்காரி எடைக்கு இறுக்குனது."

இஞ்சினியர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் நெருக்கியடித்து உட்காருவார்கள். தடிப்பு வளையம் வைத்தும், பாஸ்கல் உடம்புக்கு வண்டி வலப்பக்கம் லேசாகச் சாய்ந்துதான் ஓடியது. விக்டோரியா ஏறினால் நிமிரும். அவள் ஏறாத நாளில் அவன் சாய்ந்தபடியே ஓட்டினான், வேறு பாரம் எதுவும் வைக்கவில்லை.