சில்லென்ற பானட்

தேவாரத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கப் போயிருந்தேன். பானட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

"நேத்துலருந்து எடுக்கவே இல்லக்கா," என்றார் விற்பவர்.

ஏறிச் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஆனால் எங்கோ ஈரச் சாக்கு நாறியது.

எனக்குத் தெரிந்த நாற்றம்தான். சுருளிப்பட்டியில் அப்பாவின் ஜீப், எஞ்சின் ஆறியிருந்தால் தள்ளாமல் கிளம்பாது. அதை வாங்க ஆள் வரும் நாளில், முன்கூட்டியே ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிடுவார். அந்தச் சூடு கைக்குத் தெரியாமலிருக்க, நனைத்த ஏலக்காய்ச் சாக்கைப் பானட்டில் போர்த்திவைப்பார்.

"ஆளு வந்துட்டாக ஆத்தா, சாக்க உருவு," என்பார் என்னிடம்.

இறங்கிக் கதவைத் தொட்டேன். உச்சிவெயிலில் சுட்டது.

"வெயில்ல நிக்கிற வண்டியில பானட்டு மட்டும் எப்படிண்ணே குளுருது?"

விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கப்பாவும் ஜீப்பு வச்சிருந்தாகளா?"