இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

பழுப்பு அட்டை போட்ட அந்த வருகைப் பதிவேட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். காலைக்கு ஒரு கட்டம், மதியத்துக்கு ஒரு கட்டம். பிள்ளை வந்திருந்தால் கட்டத்துக்குள் சாய்வாக ஒரு கோடு. மற்றவர்கள் போட்டால் அந்தக் கோடு வலப்பக்கம் சாயும். நான் போட்டால் இடப்பக்கம். நான் பீச்சாங்கைக்காரி. பயிற்சிப் பள்ளியில் அடித்து அடித்து எழுத்தை வலக்கைக்கு மாற்றினார்கள். ஆனால் அவசரத்தில் கோடு போடும்போது பேனா தானாக இடக்கைக்குப் போய்விடும். அதைக் கவனித்திருந்தவர் ஒருவர்தான், எங்கள் பெரிய டீச்சர்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அவர் தலைமை ஆசிரியை, நான் இரண்டாவது டீச்சர், வேறு யாரும் கிடையாது. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கும் மாதம் வந்தால் பாதிப் பிள்ளைகள் கூலிக்குக் கொல்லைக்காட்டுக்குப் போய்விடும். வருகை குறைந்தால் இரண்டாவது டீச்சர் வேலையை எடுத்துவிடுவார்கள். என் கணவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீட்டில் நான்கு வயிறும் என் சம்பளத்தில்தான் நிறைந்தது. அதனால் வராத பிள்ளைகளுக்கும் கோடு போட்டேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டபோது பதிவேட்டை மூடப் பார்த்தேன். "போட்டுக்கினு போ. புள்ளைங்க திரும்பி வர்றப்ப டீச்சர் இருக்கணும் இல்ல?" என்று மட்டும் சொன்னார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடிக் கொல்லைகளுக்குக் கிளம்பிவிட்டார்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். ஜெயித்தால் திண்டிவனம் யூனியன் கூட்டத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூட விஷயம் பேசலாம் என்று அவருக்கு எண்ணம். அவர் கேட்டது ஒன்றுதான். கோடை விடுமுறையில் கொஞ்சத்தை வெட்டி மல்லாட்டை மாதத்தில் கொடுங்கள், பிள்ளைக்குக் கூலியும் போகாது, பாடமும் போகாது என்று வீடு வீடாகச் சொன்னார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் பயம். அந்த மாதம் பிள்ளைகள் வருவதே இல்லை என்று அவர் ஊரறியப் பேசினால், எல்லோரும் வந்ததாக நான் போட்ட கோடுகள் என்ன ஆகும்? அதை அவரிடமே கேட்கவும் வாய் வரவில்லை. அவர் எங்கள் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். எவ்வளவு பெரிய நன்றி பாருங்கள்!

எதிர்த்து நின்றவர் மல்லாட்டை உடைக்கும் மிஷின் வைத்திருந்தவர். ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் இருவரையும் ஒரே மேடையில் பேசவைத்தார்கள். பெரிய டீச்சர் பேசப் பேசக் கொல்லை வேலைக்காரப் பெண்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அப்போது மிஷின்காரர் துண்டை விலக்கி அந்தப் பழுப்புப் பதிவேட்டை எடுத்தார். புதிதாக வந்த தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதை விரித்துப் பிடித்து, "டீச்சரம்மா, இதுல ஒரு புள்ளகூட ஒரு நாளும் லீவு போடல. நீங்க இப்ப சொல்றது பொய்யா, அப்ப எழுதனது பொய்யா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். என் பெயரைப் பெரிய டீச்சர் சொன்னால் அடுத்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

பெரிய டீச்சர் சொம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "அப்ப எழுதனதுதாங்க பொய். நான்தான் எழுதனேன். இப்ப சொல்றது நெசம்."

தேர்தலில் தோற்றார். பொய் டீச்சர் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்படி ஆயிற்று. அதோடு போகவில்லை. விழுப்புரத்தில் விசாரணை என்று அவரையும், சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே அதிகாரி பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கோடுகள் ஒரு மாதிரி சாய்ந்திருக்கின்றனவே என்று சொல்லி, ஒரு தாளை நீட்டி, பெரிய டீச்சரைப் பத்துக் கோடு போடச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பேனா அவருடைய இடக்கையில் இருந்தது. பத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, அச்சு அசல் என் கோடுகள்.

"இவங்களுக்கு இடதுகைப் பழக்கமா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க சார்" என்றேன். என் வேலை தப்பியது. அவருடைய பென்ஷனில் பாதியை வெட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் இடக்கை விரல்களை நீவிவிட்டுக்கொண்டு, "எத்தினி நாளு பழகிக்கினு இருந்தேன் தெரியுமா, உன் பீச்சாங்கைக் கோட்ட" என்றார். அதற்குப் பிறகு, சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, நேர்மையான ஆசிரியை என்று மேடையில் பேசினார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போது மாத்திரை போட்ட நாளுக்குக் காலண்டரில் ஒரு கோடு போடுகிறேன். ஏன் எல்லாம் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பேத்தி கேலி செய்கிறாள். இதை எழுதும்போதுகூட யாராவது வந்து விசாரிப்பார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொள்கிறேன். வந்தால் வரட்டும். அந்தப் பதிவேட்டில் இருந்த கோடுகள் அத்தனையும் நான் போட்டவை. பெரிய டீச்சர் வலக்கைக்காரர்.