தொண்ணூற்று நான்காம் எண் சட்டை

போன ஆகஸ்டில் நான் ரேடியோவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தாகிவிட்டது. சிரிக்கட்டும். ஆனால் என்னைப் பற்றிய பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒடீல் நாக்கனைப் பற்றிய பாதியை ஒழுங்காகச் சொல்ல ஒருத்தருக்கும் துப்பில்லை. அதனால் அவமானப்பட்டவனே சொல்கிறேன்.

என் பெயர் க்ளோவிஸ் டார்டார். கடலோரச் சதுப்புநில ஊரான பாயூ கொக்கீலில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் ஊர் ரேடியோவில் எங்கள் பள்ளியின் ஃபுட்பால் அணியைப் பற்றிப் பேசுவேன். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே அணியில் முன்வரிசையில் ஆடியவன் நான். அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது.

எங்கள் ஆட்டம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, கையால் வீசுகிற அமெரிக்க ஃபுட்பால். எதிரணியில் பந்தை வீசுகிறவன் பெயர் குவாட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து தடியன்கள் காவல் நிற்பார்கள். அவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்து, அவன் வீசுவதற்குள் பந்தோடு சேர்த்து மண்ணில் சாய்ப்பது நம் முன்வரிசையின் வேலை. அந்தப் பாய்ச்சல் இருந்தால் அந்த வருஷம் நம் வருஷம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். முந்தைய வருஷம் பத்து ஆட்டத்தில் எங்கள் பையன்கள் சாய்த்தது மொத்தம் ஒன்பது தடவை. வெட்கக்கேடு!

ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, ரேடியோவில் சொன்னேன்: "இந்த வருஷமும் நம்ம முன்வரிசையைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை. எதிராளி குவாட்டர்பேக் நாற்காலி போட்டு உக்காந்து, காப்பி குடிச்சு, வாயைத் துடைச்சுட்டு அப்புறமா பந்தை வீசலாம்."

உடனே தொலைபேசி அடித்தது. ஒடீல்.

"யோவ் க்ளோவிஸ், பயிற்சிக்குப் போய்ப் பாத்தியா, இல்ல கடையில உக்காந்துட்டே அளக்கறியா?"

"பாத்தேன் தாயே. அந்த மார்லன் வெர்டின் அவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு நாலு பயிற்சி ஆட்டத்துல ஒரு தடவைகூட ஒருத்தனையும் சாய்க்கலை."

"அவன் சட்டையைப் பாத்தியா?"

"நான் ஆட்டத்தைப் பாப்பேனா, சட்டையைப் பாப்பேனா?"

"அதான் உன் லட்சணம். எழுதி வெச்சுக்கோ. இந்த வருஷம் நாப்பது தடவை சாய்ப்பாங்க. அதுல பாதி மார்லன் கணக்கு." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஊர் முழுக்க ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் விளம்பரம் போடச் சொன்னேன்.

ஒடீலும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவளுக்கு வாய் நீளம். பதினாறு வயதில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். பிறகு நோலனைக் கட்டிக்கொண்டாள். அவன் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல்காரன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் இரண்டு வாரமும் அவன்தான் சமையல். ஒடீல் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரே மகள் லாஃபயட்டில் நர்ஸ். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் அணியின் துணி துவைக்க ஆள் கேட்டார்கள். இறால் வாடையைவிடப் பையன்களின் வியர்வை வாடை மேல் என்று சேர்ந்துவிட்டாள். ஜிம்முக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு பெரிய இயந்திரம், ஒரு மின்விசிறி. அதுதான் அவள் ராஜ்ஜியம். கோச்சுக்குப் பயப்படாத பையன்கள்கூட அவளைப் பார்த்தால் நடுங்குவார்கள். காலுறையைச் சுருட்டியபடியே எவனாவது போட்டால், அதை அவன் பெயர் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்திவிடுவாள்.

துணியைச் சும்மா துவைக்க மாட்டாள், படிப்பாள். புல் கறை முழங்காலில் இருந்தால் அவன் விழுகிறவன், தோளில் இருந்தால் முட்டுகிறவன். ஒரு கறையும் இல்லாதவன் ஓரமாக ஒதுங்குகிறவன். ஒரு வருஷம் பந்தோடு ஓடுகிற பையன் ஒருவனின் கால்சட்டையில் எப்போதும் இடது பக்கமே சேறு இருந்ததைப் பார்த்து, "இவனுக்கு வலது கால் வலிக்குது, மறைக்கறான்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து டாக்டர் அதையே சொன்னார். துவைக்கிற பொம்பளைக்கு ஆட்டம் எப்படித் தெரியும் என்று அப்போது கேட்டவர்களில் நானும் ஒருவன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

ரேடியோவில் அவள் என்னைக் கிழித்த மறுநாள், ஆட்டக்காரர்களின் பட்டியல் வாங்கக் கோச் ராய்ஸ் லிரெட்டின் அறைக்குப் போயிருந்தேன். மார்லனை உட்காரவைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அந்த இடத்தில் இறக்கப்போவதாகக் கோச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்லனுக்கு அது பள்ளியில் கடைசி வருஷம். படிப்பு முடிந்ததும் மாமாவின் இறால் படகுக்குப் போகிறவன். இந்த வருஷம் ஆடாவிட்டால் அவன் ஆயுசுக்கும் ஃபுட்பால் கிடையாது. பட்டியலில் அவன் பெயரைக் கோச் அடிக்கப்போன நேரத்தில் ஒடீல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தொண்ணூற்று நான்காம் எண் போட்ட பயிற்சிச் சட்டையை மேஜைமேல் விரித்தாள்.

"கிழிஞ்சிருக்கா? தைச்சிடுங்க, மிஸ் ஒடீல்," என்றார் கோச். எங்கள் ஊரில் கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"கிழியலை கோச். இழுத்திருக்காங்க. கக்கத்துக்குக் கீழே பாருங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தொங்கின தடம். கழுத்து தொளதொளன்னு ஆயிருச்சு. மத்த எவன் சட்டையும் இப்படி இல்ல. பயிற்சியில அவனுக்கு எதிரா நிக்கற நம்ம பசங்களே அவனை நிறுத்த முடியாம சட்டையைப் பிடிச்சு இழுக்கறாங்க."

எதிராளியைப் பிடித்து இழுப்பது எங்கள் ஆட்டத்தில் தப்பு. நடுவர் பார்த்தால் மஞ்சள் துணியை வீசுவார், பத்து கெஜம் பின்னால் போகவேண்டும். ஆனால் பயிற்சியில் நடுவர் ஏது? மஞ்சள் துணி ஏது? பிடிக்கிறவன் பிடித்துக்கொண்டே இருப்பான், கோச்சும் "சபாஷ், நல்லா மறிச்சே" என்று அவனையே தட்டிக்கொடுப்பார். நாலு பயிற்சி ஆட்டமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நானும் எதிரில் நின்று பார்த்திருக்கிறேன், குருடன்.

"எனக்குத் தெரியலையே," என்றார் கோச்.

"நீங்க பந்தைப் பாப்பீங்க. எல்லாரும் பந்தைத்தான் பாக்கறாங்க. நான் பந்தைத் துவைக்கறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி. செயிண்ட் ஓமரோட முதல் ஆட்டம். அவனை இறக்கறேன், உங்க பேச்சை நம்பி. ஒரு தடவையாவது அவன் சாய்க்கணும். இல்லேன்னா வருஷம் முழுக்க பெஞ்சுதான். அப்புறம் எங்கிட்ட வந்து கடைசி வருஷம், பாவம்னு சொல்லக்கூடாது."

ஒடீல் "சொல்ல மாட்டேன்" என்றாள். வெளியே வந்ததும் என்னை நிறுத்தினாள். "க்ளோவிஸ், பையன் பொழப்பை என் தலையில தூக்கி வெச்சுக்கிட்டேன்டா," என்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செயிண்ட் ஓமர் பள்ளியோடு நடந்த ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. பாண்டு வாத்தியக்காரப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஜம்பலாயா என்கிற இறால் சோறு விற்றார்கள். காற்றில்லை, ஒரே புழுக்கம், கொசு பிடுங்கியது. ஒடீல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாங்கிக் கொடுத்த தட்டு ஆறிப்போனது.

முதல் பாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மார்லன் ஒவ்வொரு தடவையும் எதிராளியைத் தாண்டிவிட்டான். தாண்டிய அடுத்த நொடி எதுவோ அவனைப் பின்னுக்கு இழுத்தது. நடுவர் ஒரே ஒரு தடவை மஞ்சள் துணி வீசினார். மற்றபடி கூட்டத்துக்குள் நடப்பது அவர் கண்ணில் படவில்லை. செயிண்ட் ஓமரின் குவாட்டர்பேக் நான் ரேடியோவில் சொன்னபடியே காப்பி குடிக்காத குறையாக நின்று நிதானமாக வீசினான். இடைவேளையில் பதினான்கு - பூஜ்யம். மார்லன் ஒருவனைக்கூடச் சாய்க்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த கிழவர் ஒருத்தர், "துவைக்கிறவங்க பேச்சைக் கேட்டா இப்படித்தான்," என்றார். திரும்பி நாலு வார்த்தை நன்றாகக் கேட்டேன். அதற்குள் ஒடீல் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ க்ளோவிஸ், தப்பு என்மேலதான்!"

"உன்மேல என்ன?"

"சட்டையைக் குடுத்தது யாரு? நான்தானே? வெயில்ல வேகக்கூடாதுன்னு ரெண்டு அளவு பெருசா குடுத்தேன். பயிற்சிக்கும் அதே அளவு, ஆட்டத்துக்கும் அதே அளவு. காத்து போகட்டும்னு குடுத்தது அவனுங்களுக்குக் கைப்பிடியா ஆயிருச்சு. இத்தனை நாள் தடத்தைப் படிச்சேனே, பிடிக்க ஏன் அவ்வளவு துணி இருக்குன்னு பாக்கலையே!"

சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினாள். ஐம்பத்தோரு வயதுக்காரி அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். உடைமாற்றும் அறைக்குள் கோச் பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒடீல் நடுவில் புகுந்து மார்லனின் கையைப் பிடித்துத் துவைக்கும் அறைக்கு இழுத்துவந்தாள்.

"கையைத் தூக்குடா. அசையாதே. க்ளோவிஸ், இந்தப் பக்கம் துணியை இழுத்துப் பிடி. இன்னும் இறுக்கி!"

"மிஸ் ஒடீல், சட்டையில ஊசி படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றான் மார்லன்.

"சொன்னேன். இப்ப வாயை மூடு."

தோள்கவசத்தோடு சேர்த்து உடம்பை ஒட்டிச் சட்டையை மடித்து, கான்வாஸ் தைக்கிற கெட்டி நூலால் இரண்டு பக்கமும் தைத்தாள். கழுத்தையும் சுருக்கினாள். பன்னிரண்டு நிமிஷம். முடிந்ததும் தன் விரலால் சட்டையைக் கிள்ளிப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. என்னையும் கிள்ளச் சொன்னாள். எனக்கும் கிடைக்கவில்லை. தலையணைக்குச் சின்ன உறையைப் போட்டதுபோல் பையன் பிதுங்கிக்கொண்டு நின்றான்.

"மூச்சு விட முடியுதா?"

"கொஞ்சம்."

"அது போதும், போ!"

இரண்டாம் பாதி தொடங்கி மூன்றாவது தடவை பந்து குவாட்டர்பேக்கின் கைக்குப் போனபோது, மார்லன் எதிராளியைத் தாண்டினான். எதிராளி கையை நீட்டிச் சட்டையைத் துழாவினான். துழாவியபடியே குப்புற விழுந்தான். குவாட்டர்பேக் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மார்லன் அவன்மேல் இருந்தான். தொம்! பந்தோடு, தலைக்கவசத்தோடு, செயிண்ட் ஓமரின் மொத்தத் திமிரோடு அவன் மண்ணில் கிடந்தான். நான் போட்ட கூச்சலில் மறுநாள் தொண்டை கட்டிப்போனது. ஒடீல் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒண்ணு போதும் ஒடீல்! ஒண்ணு சாய்ச்சுட்டான்! பெஞ்சு கிடையாது!"

"ஒண்ணு எப்படிய்யா போதும்?" என்றாள் அழுதுகொண்டே. "ஆட்டத்தைப் பாரு."

ஒன்றோடு நிற்கவில்லை. அதன்பிறகு அவனை மறிக்க இரண்டு பேர் வந்தார்கள். அதனால் எங்கள் மற்றப் பையன்களுக்கு வழி திறந்தது. அவர்கள் இரண்டு தடவை சாய்த்தார்கள். மார்லன் இன்னும் இரண்டு. காப்பி குடித்தவன் இப்போது பந்து கைக்கு வருவதற்கு முன்னாலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தான். நாங்கள் ஏழு புள்ளி எடுத்தோம், பிறகு இன்னொரு ஏழு. பதினான்கு - பதினான்கு. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. மார்லன் நான்காவது தடவை பாய்ந்து வீசப்போன கையை அடித்தான். பந்து தெறித்தது. எங்கள் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினான். ஆறு புள்ளி. இருபது - பதினான்கு! ஜம்பலாயா தட்டுகள் காற்றில் பறந்தன. பின்னால் இருந்த கிழவர் என்னைக் கட்டிக்கொண்டார், நானும் கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தபிறகு மார்லனால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. மைதானத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ஒடீல் எதிரில் நின்று, பல்லில் கத்தரியைக் கடித்துக்கொண்டு, வெட்டிய தையலை ஒவ்வொன்றாக விரலால் பிரித்தாள். கூட்டம் சுற்றி நின்றது.

"சும்மா வெட்டி எடுங்க, மிஸ் ஒடீல்," என்றான் எவனோ.

"பள்ளிக்கூடத்துச் சட்டைடா இது. உங்கப்பன் வீட்டுத் துணியா?"

அப்போது கோச் லிரெட் வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பையன்களும் பெற்றவர்களும் நானும் கேட்கும்படி, சத்தமாகவே கேட்டார்:

"மிஸ் ஒடீல், இன்னும் யாரையெல்லாம் நான் கவனிக்காம விட்டிருக்கேன்?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒடீல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயிலிருந்த கத்தரியை எடுத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க கோச்," என்றாள். "இன்னும் துவைக்கலையே."