மூன்றாவது வரியின் தப்பு ஸ்வரம்

பியானோ படித்த எனக்கு, திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடுகிறவர்களுக்குக் கீபோர்டு வாசிப்பதுதான் உத்தியோகம். கல்லூரிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவனும் நான்தான். விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தபோது மூன்றாவது வரியில் என் விரல் வழுக்கி, ஒரு ஸ்வரம் அசிங்கமாக விழுந்தது. இன்னொரு முறை வாசிக்கிறேன் என்றேன்.

"யாருக்கு சார் தெரியப் போவுது? ஜல்தியா கிளம்புங்க" என்றார் கூட வந்த கல்லூரி அலுவலர். நானும் கிளம்பிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த அழுகல் ஸ்வரம் கல்லூரி ஸ்பீக்கரில் ஒலித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

இந்த வருடம் ஆண்டு விழா மேடையில் பாட்டை நேரடியாகப் பாட வேண்டும் என்றார்கள். விட்டது சனியன் என்று ஒத்திகையில் சரியாக வாசித்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் பழைய தப்பையே பாடி, சட்டென்று நிறுத்தினார்கள்.

"நீங்க தப்பா வாசிக்கிறீங்க சார்" என்றாள் முன்வரிசைப் பெண். "நாங்க டெய்லி கேட்டுக்கினுதானே இருக்கோம்."

மறுநாள் விழா. இருபது பேரைத் திருத்த எனக்குச் சோம்பல். ஒத்திகையை மறுபடி தொடங்கி, தப்பையே வாசித்தேன்.

"இப்ப கரெக்ட் சார்."

மறுநாள் மேடையிலும் அதையே வாசித்தேன்.

விழா முடிந்ததும் சிறப்பு விருந்தினர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது வரியில ஒண்ணு வச்சிருக்கீங்க பாருங்க, அது ஒண்ணே போதுங்க!"

"ரொம்ப யோசிச்சு வச்சதுங்க" என்றேன்.