ரவுட்டருக்குள் போன என் நம்பர்

இரண்டு வருடங்களுக்கு முன், தென்மேற்குக் கச்சான் காற்று இன்னும் ஓயாத ஒரு புரட்டாதி மாதம். நாங்கள் மன்னார் உப்புக்குளத்தில் இருக்கிறோம். கணவர் சின்னப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறார். மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பாதி வகுப்புகள் ஸூமில்தான். அவளுக்காக வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன்.

வாங்குவது லேசு. அதற்குள் போடும் சிம்முக்கு எந்தப் பக்கேஜ் என்பதில்தான் பிழை விட்டேன். பகலும் இரவும் ஒரே மாதிரி வேலை செய்யும் தனி டேட்டா சிம் ஒன்று கடையில் இருந்தது. விலை கொஞ்சம் கூட. என் பழைய சிம்முக்கோ ஒரு சலுகைப் பக்கேஜ் வந்திருந்தது. அதில் பெரும்பகுதி டேட்டாவை நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவேயில்லை. பத்து வருடமாக என் போனில் கிடந்த சிம்மைக் கழற்றி ரவுட்டருக்குள் போடச் சொன்னேன். போனுக்கு மலிவாக ஒரு புதுச் சிம் எடுத்தேன்.

கடையில் நின்ற பெண் நல்லவிதமாகத்தான் எச்சரித்தாள். "அக்கா, இந்த நம்பர் கதைக்கத் தேவையில்லையோ? இந்தப் பெட்டிக்குள்ள போட்டா ஒரு கோலும் வராது."

"இப்ப ஆர் பிள்ளை கோல் எடுக்கினம்? எல்லாம் வட்ஸ்அப்தானே" என்றேன்.

மிச்ச டேட்டா பார்ப்பது எப்படி என்று சொல்லித் தந்து, அதற்குப் போன் பிரவுசரில் அடிக்க வேண்டிய, ரவுட்டரின் அடியில் இருந்த இலக்கங்களைக் காட்டி அனுப்பினாள். கணவர் மட்டும் முகம் சுளித்தார். "எனக்கு மனப்பாடமா இருக்கிறது உன்ர அந்த ஒரு நம்பர்தான்" என்றார். புது நம்பரை அவருடைய போனில் பதிந்து கொடுத்தேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சிம் மாற்றிய மூன்றாம் வாரம் அது நடந்தது. துணைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால், முந்திய நாள் பின்னேரம் கணவர் தனியாகவே கடலுக்குப் போனார். காலை ஏழு மணிக்குள் கரைக்கு வந்துவிடுகிறவர் எட்டாகியும் வரவில்லை. அவருக்குப் போன் அடித்தால் தொடர்பு இல்லை. ஒன்பதாகியது, பத்தாகியது. தென்னோலைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. சமைக்க வைத்த அரிசி தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. மகள் வகுப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். கதைத்தால் அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயம்.

பன்னிரண்டு மணியளவில் என் அண்ணா வந்தார். "காத்து இன்னும் கூடுறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்திட்டு வாறம். நாங்கள் மூண்டு பேர் போறம். நீ வீட்டில இரு, அவர் எடுத்தாலும் எடுப்பார்" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார்.

கடல்தொழிலாளர்களின் வட்ஸ்அப் குழுவில் யாராவது படகைக் கண்டதாகப் போடுவார்கள் என்று போனைப் பார்த்தபடியே இருந்தேன். நெடுநேரமாக ஒன்றும் வரவில்லை. பிறகுதான் விளங்கியது, ரவுட்டரில் நெட்டே நின்றுவிட்டது. கடைப் பெண் சொல்லித் தந்தபடி அந்த இலக்கங்களைப் போனில் அடித்துப் பார்த்தேன். திரையின் மூலையில் ஒரு கடித உறை அடையாளம். பக்கத்தில் ஐந்து என்று இருந்தது. சிம் நம்பருக்கு வரும் குறுஞ்செய்திகள் அங்கே வந்து கிடக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு கம்பனியுடையவை, பகல் டேட்டா முடிந்துவிட்டதாம். மற்ற மூன்றும் தெரியாத ஒரு நம்பரிலிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழாக வந்திருந்தன.

"நான்தான். கொண்டச்சியில கரை ஏறிட்டன். எஞ்சின் பழுது, போன் கடலுக்க விழுந்திட்டுது. பயப்பிடாத."

"ஏன் எடுக்கிறாயில்ல?"

"என்னைத் தேடி ஒருத்தரையும் கடலுக்கு விடாத. காத்து சரியில்ல."

முதலாவது வந்த நேரம் காலை ஒன்பது பத்து. அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. மூன்றரை மணி நேரமாக அவருடைய செய்தி என் தலைக்கு மேல், தட்டில் இருந்த ரவுட்டருக்குள் கிடந்திருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று சந்தோசப்பட எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அண்ணாவுக்கு அடித்தேன். மணி போனது, அவர் எடுக்கவில்லை. செருப்பும் போடாமல் ஓடினேன். என் பிழையால் இனி மூன்று வீட்டுப் பெண்கள் இப்படி இருக்கப்போகிறார்களே என்ற ஒரே நினைவுதான்.

கரையில் படகைத் தண்ணீருக்குள் தள்ளி இறக்கியிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் நான் கத்தியது கேட்கவில்லை. உடுப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிக் கையை வீசினேன். பின்னால் இருந்தவர்தான் கண்டு எஞ்சினை நிறுத்தினார். "கொண்டச்சி... கொண்டச்சி..." என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வரவில்லை. அண்ணா குதித்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கடல் எழும்பிய விதத்தைப் பார்த்து, அந்த மூன்று பேரும் படகைக் கரையில் இன்னும் மேலே இழுத்துக் கட்டினார்கள்.

பின்னேர பஸ்ஸில் கணவர் வந்தார். அவரைக் கடலில் கண்டு படகைக் கட்டி இழுத்து வந்தவர் கொண்டச்சியில் ஒரு முஸ்லிம் தொழிலாளி. தன் போனையே கொடுத்திருக்கிறார். இவர் மனப்பாடமாக இருந்த என் பழைய நம்பருக்கே அடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இணைக்க முடியாது என்றே சொன்னதாம். இவர் சோர்ந்து போக, அந்தத் தொழிலாளியின் வீட்டுக்காரியம்மாதான், "கோல் போகாட்டி ரெண்டு வரி எழுதி விடுங்க. எப்பயாச்சும் பாப்பாங்க" என்றிருக்கிறார்.

அடுத்த நாளே அந்தக் கடைக்குப் போய், ரவுட்டருக்குத் தனிச் சிம் வாங்கினேன். சின்ன எழுத்தை இரண்டு தரம் வாசித்த பிறகுதான். பழைய சிம் திரும்ப என் போனுக்கு வந்தது. மகளுக்குச் சிரிப்பு, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொண்டச்சி அம்மாவை நான் இன்னும் நேரில் கண்டதில்லை, ஆனால் அன்றிலிருந்து தெரியாத நம்பர் எதுவும் அடித்தால், அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்து, "ஆர், சொல்லுங்கோ" என்கிறேன். எங்கோ யாரோ ஒருவர் அடுத்தவரின் போனைப் பிடித்தபடி, தன் வீட்டுக்காரி எடுக்கமாட்டாளா என்று நிற்கக்கூடும்.