வீட்டில் யாருக்கு இருமல்?

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அபிராமபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அப்பா இல்லை. அக்கா கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள்.

எங்கள் தெருவுக்கு மீன் விற்க வரும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "டீச்சர், எம் பொண்ணு மூணாவது பட்சிக்கினு கீது. கணக்குன்னா அழுவுது. நீ ஒரு தபா வந்து சொல்லிக் குடேன்" என்றாள். கடற்கரையில் மீனவர்கள் வாழும் ஊரூர் குப்பத்தில் அவள் வீடு. அந்த ஒரு பெண்ணுக்காகத்தான் போனேன். ஒரே மாதத்தில் முப்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். வலைகள் போட்டு வைக்கிற ஒரு கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார்கள்.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அடையாறு பஸ்ஸில் ஏறிவிடுவேன். இறங்கிக் குப்பத்துக்கு நடப்பேன். திரும்பும்போது எட்டு மணியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெறும் காப்பியோடு கிளம்புவேன். மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த சாதத்தைச் சாப்பிடாமல் வைத்திருந்து, குப்பத்தில் பசியோடு வரும் சின்னதுகளுக்குக் கொடுத்துவிடுவேன். இதில் எனக்கு ரகசியமாய் ஒரு கர்வம் இருந்தது. பசி வயிற்றைக் கிள்ளும்போது, நான் மற்றவர்களைப் போல இல்லை என்று தோன்றும்.

அந்த மார்கழியில் இருமல் வந்தது. தை முடிந்தும் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. நானே உட்கார்ந்து ஓரங்களைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணாடியில உன்னைப் பார்த்தியாடி? கன்னம் ஒட்டிப்போச்சு. ஒரு நாள் லீவு போட்டு டாக்டர்கிட்ட போயேன்."

"பரீட்சை வருதும்மா. அங்க பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

"அப்போ உன்னை யாருடி பார்ப்பா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அதே வாரத்தில் எங்கள் தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசினார். தன்னைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்காதவர் என்று சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மீன்காரப் பெண்ணின் மகள் எட்டு வயதுக்காரி. மற்றப் பிள்ளைகள் போன பிறகும் போக மாட்டாள். கடல் காற்று விளக்கை அணைக்காமல் இருக்கத் தார்ப்பாயை இறக்கிவிட்டு, இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருப்போம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்வாள். எனக்கு இருமல் வந்தால் நிறுத்திவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

மாசி மாதத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சுண்டைக்காய் அளவு இருந்தது நெல்லிக்காய் அளவானது. அவள் அம்மா சுண்ணாம்பு தடவிப் பார்த்தாள். பிள்ளை சாப்பாட்டைத் தள்ளியது. நான்தான் சத்தம் போட்டேன். "இப்படியா விட்டுவைக்கிறது? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம்." எனக்காகப் போடாத லீவை அவளுக்காகப் போட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நடுத்தர வயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கையில் சோதனைக்காக ஒரு ஊசி போட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். மூன்றாம் நாள் அந்த ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. அதை அளந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் அம்மாவிடம் கேட்டார்.

"டி.பி. ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதே, குணமாயிடும். வீட்டில் யாருக்கு இருமல்?"

"யாருக்கும் இல்லமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்த வயசுப் பிள்ளைக்கு இது வந்திருந்தா, பக்கத்துல ஒரு பெரியவங்க மாசக்கணக்கா இருமிக்கிட்டு இருந்திருக்கணும். வீட்டுக்காரர்? மாமியார்?"

"சத்தியமா இல்லமா. எங்க வூட்ல எல்லாரும் கல்லாட்டம் கீறாங்க."

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து நிமிர்ந்தபோது டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?"

"டீச்சர்."

"எத்தனை நாளா இருமல்?"

"மூணு மாசமா... சளிதான் டாக்டர்."

அவர் ஒரு சீட்டை எழுதி என் கையில் கொடுத்து, எக்ஸ்ரே அறையைக் காட்டினார். கோழையும் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நுரையீரலில் வலது பக்கம் மேலே எட்டணாக் காசு அளவுக்கு ஒரு ஓட்டை.

"யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கிற மாதிரி என்னால சொல்ல முடியாது. ஆனா பிள்ளைகிட்டேர்ந்து உங்களுக்கு வரலை. அது மட்டும் தெரியும். படிச்சவங்க நீங்க. மூணு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

என் காது அடைத்துவிட்டது. அவர் உதடு அசைவது தெரிந்தது. மருந்து என்றார், தினமும் ஊசி என்றார், பள்ளிக்குப் போகக் கூடாது என்றார். ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்தத் தார்ப்பாயும், என் தோளில் சாய்ந்த அந்தச் சின்னத் தலையும் மட்டுமே கண்ணுக்குள் நின்றன.

வெளியே வேப்பமரத்தடியில் மீன்காரப் பெண்ணும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும், என் மடியில் ஏறப்போன மகளைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் முப்பது பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பற்றிய செய்தியைக் கேட்ட அன்று நான் அம்மா முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முட்டையே வாங்காத எங்கள் வீட்டில் தினமும் இரண்டு முட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். முதல் சில நாள் ஒவ்வொரு வாயும் திருடித் தின்பதைப் போல இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துவிட்டு நான் முட்டை தின்கிறேனே என்று.

தெருவில் மீன்காரியின் குரல் மூன்று மாதம் கேட்கவில்லை. வேறு தெருவழியாகப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனி மாதத்தில் ஒரு காலை மாடிப்படியில் அவள் நின்றாள். நான் வாசல் நிலையோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

"கிட்ட வராதே" என்றேன்.

"டாக்டரம்மா சொல்ட்டாங்க, இப்போ உன்னாண்ட ஒட்டாதுன்னு. கேட்டுக்கினுதான் வந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பொண்ணு தேவலை. கட்டி ஒடஞ்சு வத்திடுச்சு."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று ஏதோ உளறினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? உன்னிய யாரு துன்னாத கெடன்னு சொன்னது? எங்க புள்ளைங்களுக்கு வூட்ல கஞ்சி கீது. உன் சோத்த குடுன்னு நான் கேட்டனா? கணக்குதானே கேட்டேன்! நீ நல்லா இருந்தாத்தானே எம் பொண்ணாண்ட வந்து குந்த முடியும்?"

திட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கை தட்டல்கள், தலைமையாசிரியையின் பேச்சு, என் கர்வம் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பட்டினி கிடந்து எதுவும் ஆகவில்லை. பட்டினி எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. அது புரிந்தபோது ஆஸ்பத்திரியில் அதிர்ந்ததைவிட அதிகமாக அதிர்ந்துபோனேன்.

ஒன்றரை வருஷம் மாத்திரை. ஒரு வேளையும் விடவில்லை. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தேன். தூங்கக் கற்றுக்கொள்வது, பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித்தருவதைவிடக் கஷ்டமாக இருந்தது. டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும் பள்ளிக்குப் போனேன். குப்பத்துக்கும் போனேன். வாரத்தில் மூன்று நாள் மட்டும். மற்ற நாட்களுக்கு எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சரைக் கேட்டேன். யாரிடமாவது உதவி கேட்பது அதுதான் எனக்கு முதல் தடவை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வகுப்பைக் கொட்டகையிலிருந்து வெளியே மணலுக்கு மாற்றினோம்.

இருபது பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மீன்காரியின் மகளும் வந்தாள், கழுத்தில் சின்னத் தழும்போடு. மருந்து சாப்பிட்ட மற்ற இரண்டு பேரில் ஒருவனை அவன் அப்பா கடைசிவரை அனுப்பவில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அந்தக் குப்பத்துக்குப் போன அத்தனை வருஷமும் அப்படித்தான். அவரிடம் போய்ப் பேச எனக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.